இடது இறக்கை, மூன்றாவது இறகு

என் வீட்டு மொட்டை மாடிக்கு ஒன்பது வருஷமாக எந்தப் புறாக்காரனும் ஏறவில்லை. காரணம் நான்தான். வேறு எவனாவது வந்து கூட்டிக் குறைத்துச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கம்பம் ஊரின் புறாப் பந்தயம் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அவனவன் மாடியிலிருந்து ஒரு புறாவை விட வேண்டும். அது எதிலும் கால் வைக்காமல் வானத்திலேயே நிற்க வேண்டும். மரம், மின்கம்பம், தண்ணீர்த் தொட்டி, எதில் கால் பட்டாலும் அந்த நிமிடத்தோடு அதன் ஆட்டம் முடிந்தது. எல்லாவற்றுக்கும் கடைசியாக இறங்குகிற புறா ஜெயித்த புறா. பத்து மணி நேரம், பதினோரு மணி நேரம்கூட நிற்கும். ஒவ்வொரு மாடியிலும் வெளியாள் ஒருவர் நடுவராக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அரை மணிக்கு ஒரு தடவையாவது புறா அவர் கண்ணில் பட வேண்டும். விடுவதற்கு முன்னால் அதன் இடது இறக்கையில் மூன்றாவது இறகில் புறாச் சங்கத்து முத்திரையைக் குத்துவார்கள். இறங்கிய பிறகு அந்த முத்திரையைப் பார்த்துத்தான், விட்ட புறாவும் இறங்கிய புறாவும் ஒன்று என்று ஒத்துக்கொள்வார்கள்.

அப்போது என்னிடம் ஒரே கூட்டில் பொரித்த இரண்டு புறாக்கள் இருந்தன. இரண்டும் கறுப்பு, வால் மட்டும் வெள்ளை. பெற்ற தாய்க்கே வித்தியாசம் தெரிந்திருக்காது. ரப்பர் ஸ்டாம்பு செய்கிற ஒருவனிடம் சங்கத்து முத்திரையை அப்படியே செய்து வாங்கினேன். முதல் புறாவை என் மாடியில் விட்டேன். மத்தியானம் அது மேகத்துக்குள் போனதும், கம்பம்மெட்டு ரோட்டில் என் ஜீப்புக்குள் வைத்திருந்த இரண்டாவது புறாவை ஆள் வைத்துத் திறந்துவிட்டேன். களைக்காத புறா. சாயங்காலம் வரை ஜம்மென்று சுற்றியது.

எனக்கு எதிராக அன்றைக்கு வானத்தில் நின்றது ஞானசிகாமணி அண்ணாச்சியின் ராணி. மெயின் ரோட்டில் இரும்புக் கடை வைத்திருப்பவர். இருபத்தைந்து வருஷமாக அவர் கடைச் சாமான்களை மேலே எஸ்டேட்டுகளுக்கு ஏற்றிப் போனது என் ஜீப்தான். ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம். என் புறா நிற்கிறதே என்று அவரும் ராணியை இறக்காமல் வைத்திருந்தார். மாடியில் ஒரு துணைப் புறாவைக் காட்டியிருந்தால் போதும், ராணி வந்திருக்கும். அவர் காட்டவில்லை. வெளிச்சம் மங்குகிற நேரத்தில் வைரி வந்தது. பருந்து ஜாதியில் சின்னது, வேகத்தில் பேய். அவர் கண் முன்னாலேயே ராணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

மறுநாள் காலை என் மாடியில் கோப்பை கொடுக்கக் கூடியிருந்தார்கள். அண்ணாச்சியும் எனக்குக் கை கொடுக்க வந்திருந்தார். அந்த நேரம் பார்த்து, எங்கேயோ புளியந்தோப்பில் படுத்துக் கிடந்த என் முதல் புறா சாவகாசமாக வந்து இறங்கி, இரண்டாவது புறாவுக்குப் பக்கத்தில் நின்று இறக்கையைக் கோதியது. இரண்டிலும் ஒரே முத்திரை. இருபது பேர் பார்த்தார்கள்.

அண்ணாச்சி இரண்டு புறாக்களையும் மாறி மாறிப் பார்த்தார். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

அன்றிலிருந்து எனக்கு ஊரில் டூப்பு என்று பேர். சுருளியாண்டி என்பது ரேஷன் கார்டில் மட்டும்தான் இருக்கிறது. டீக்கடையில், "டூப்புக்கு ஒரு டீ." என் பொண்டாட்டி இருளம்மாள் கடைக்குப் போனால், "டூப்பு வீட்டம்மாவுக்கு அரைக் கிலோ." ஏலக்காய் எஸ்டேட்டுக்குப் போகிற பொம்பளைகள் ஜீப்பில் ஏறும்போதே கேட்பார்கள்: "இதே ஜீப்புதானா, இல்ல பாதி வழியில வேற ஜீப்ப மாத்திவிட்டுருவீகளா?"

இந்த வருஷம் எனக்கு அறுபத்தெட்டு. ஜீப்பை விற்றுவிட்டேன். பேரை வாங்கிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை. ஆனால் கூட்டில் செம்பி இருந்தது. செம்பு நிறத்தில் ஒரு பெட்டை. என் மாடியில் சும்மா விட்டுப் பார்த்ததிலேயே பத்து மணி நேரம் நின்றது. அதைக் கையில் பிடித்தால் நெஞ்சு அடிப்பது விரலில் தெரியும். இதை வைத்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஒழுங்காகப் பறக்கவிட்டு அந்தப் பேரைக் கழற்றி எறிந்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி.

சங்கத்துச் செயலாளர் வேல்பாண்டி திராட்சை வியாபாரி. எனக்கு மருமகன் முறை. அவன் குடோனில் போய் நின்றேன்.

"சேக்குறதுல ஒண்ணுமில்ல மாமா. ஒங்க மாடியில எவன் வந்து உக்காருவான்? உக்காந்தவனையும் சேத்துல்ல டூப்புன்னு சொல்லுவாக."

"கேட்டுப் பாருப்பா."

"கேட்டுட்டேன். ஒருத்தன் காய்ச்சல்ங்கிறான், ஒருத்தன் மச்சினன் கல்யாணம்ங்கிறான். நான் பந்தயத் தேதியவே இன்னும் சொல்லல."

மூன்றாம் நாள் அவனே போன் செய்தான். "மாமா, ஆளு கெடச்சாச்சு. ஞானசிகாமணி அண்ணாச்சி."

எனக்குச் சந்தேகம். "அவரு எதுக்கு வர்றாரு?"

"ஒங்களக் கையும் களவுமாப் பிடிக்கத்தான். வேறெதுக்கு? இந்தப் பந்தயம் சுத்தமா முடிஞ்சா ஒங்க மாடி பழையபடி சங்கத்து மாடி. இல்லன்னா இந்தப் பேச்சு இத்தோட சரி. இன்னொண்ணு, இப்பல்லாம் புறா மேல இருக்குற வரைக்கும் சொந்தக்காரன் மாடிய விட்டு இறங்கக் கூடாது. நடுவர் நாற்காலிய விட்டு எந்திரிக்கக் கூடாது. முத்திரைக்கு மேல நடுவர் தன் கையெழுத்தப் போடுவாரு. எல்லாம் நீங்க கத்துக் குடுத்ததுதான் மாமா."

இருளம்மாளிடம் சொன்னேன். அவள் முறத்தைத் தட்டிக்கொண்டே, "நல்லதாப் போச்சு. நம்பாம வர்ற ஆளே வரட்டும். அவரு வந்து ஒண்ணுமில்லன்னு சொன்னாத்தான்யா ஊரு கேக்கும்" என்றாள்.

வைகாசி இரண்டாவது ஞாயிறு. ஐந்தரைக்கெல்லாம் அண்ணாச்சி வந்துவிட்டார். தலையில் தொப்பி, கண்ணில் கண்ணாடி, போன வருஷம்தான் கண்புரை ஆபரேஷன். கையில் அவருடைய சொந்த நாற்காலி. அவருடைய தண்ணீர் பாட்டில். அவருடைய சாப்பாட்டு டப்பா. என் வீட்டுத் தண்ணீர்கூட வேண்டாம் என்று வந்திருக்கிறார். என்னைப் பார்க்கவே இல்லை.

"தங்கச்சி, இந்தக் கூட்டுல எத்தன உருப்படி?" என்று இருளம்மாளைக் கேட்டார்.

"பதினாலுண்ணே. இந்த மனுசனையும் உள்ள போட்டா பதினஞ்சு."

சிரிக்கவில்லை. இரண்டு தடவை எண்ணினார். பையிலிருந்து ஒரு பெரிய பூட்டை எடுத்துக் கூட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகினார். செம்பியின் இடது இறக்கையை விரித்து, மூன்றாவது இறகில் முத்திரையைக் குத்தி, அதன் மேல் பேனாவால் 'ஞா' என்று போட்டார். மேற்கு மூலையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஆறு மணிக்கு விசில் ஊதினார்.

விட்டேன்.

செம்பி மூன்று சுற்றுச் சுற்றி மேலே போயிற்று. ஏழு மணிக்குக் காக்கை அளவு. எட்டு மணிக்கு ஈ அளவு. பத்து மணிக்கு வெறும் புள்ளி. சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் ஒவ்வொரு மாடியிலிருந்தும் குரல் வந்துகொண்டிருந்தது. மொத்தம் பதினொரு மாடி. ஒன்பதே முக்காலுக்கு ஒன்று தென்னை மரத்தில் உட்கார்ந்தது. பதினொன்றுக்கு இரண்டு. பன்னிரண்டு மணி வெயிலில் சடசடவென்று நான்கு. ஒவ்வொரு தடவை போன் கத்தும்போதும் மிச்சம் எத்தனை என்று விரல் விட்டு எண்ணினேன்.

இரண்டு மணிக்குக் கேரளாப் பக்கமிருந்து மேகம் ஏறியது. செம்பி அதற்குள் போனது. போனது போனதுதான். ஐந்து நிமிடம். பத்து. இருபது. அண்ணாச்சி மடியில் கடிகாரத்தை வைத்துக்கொண்டார். அரை மணி தாண்டினால் வெளியே. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நான் விளையாடியது இதே மேகத்தை வைத்துத்தான். அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் என்ன நினைக்கிறேன் என்று அவருக்கும் தெரியும். இருபத்தைந்து. இருபத்தெட்டு. பேனாவைத் திறந்தார்.

"அந்தா!"

கத்தியது நானில்லை, அவர். மேகத்தின் ஓரத்தில் ஒரு புள்ளி. கத்திவிட்டு, கத்தியதற்கு வெட்கப்பட்ட மாதிரி இருமிக்கொண்டார்.

"அண்ணனுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது" என்றாள் இருளம்மாள், மோரை என்னிடம் நீட்டிக்கொண்டே. அவருக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்திருந்தாள். அவர் வாங்கவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார்.

நாலரைக்கு மொத்தமே இரண்டு புறாதான் வானத்தில். ஒன்று செம்பி. இன்னொன்று கூடலூர் சண்முகராஜின் சாம்பல் நிறச் சேவல். தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். மேற்கு வரிசை மாடிகளில் தலைகள். எனக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

நாலு ஐம்பதுக்கு மேற்கே மேகத்துக்குக் கீழே ஒரு கறுப்புக் கீறல் தெரிந்தது. அது சுற்றவில்லை. நேராக வந்தது.

"வைரி!" என்றேன்.

அண்ணாச்சிக்கு முகமே மாறிவிட்டது. "தங்கச்சி! தட்டக் கொண்டா! சத்தம் போடுங்க! ஏ, எல்லாரும் சத்தம் போடுங்க!" வைரி வந்தால் சத்தம் போட்டு விரட்டலாம், அதற்கு விதியில் இடம் உண்டு. எழக் கூடாது என்பதால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சாப்பாட்டு டப்பாவைத் தரையில் ஓங்கி ஓங்கி அடித்தார். சாம்பார் சாதம் மாடியெல்லாம் தெறித்தது. நான் ஒரு தகர மூடியை எடுத்துக்கொண்டு கிழக்கு மூலைக்கு ஓடி இரும்புக் குழாயில் அடித்தேன். இருளம்மாள் தட்டும் கரண்டியும் எடுக்கக் கீழே ஓடினாள். தெருவே விசிலடித்தது. நாய்களெல்லாம் குரைத்தன.

செம்பி இறக்கையை மடக்கிக்கொண்டு கல் மாதிரி விழுந்தது. வைரி அதன் பின்னால். முதல் பாய்ச்சல் தப்பியது. இரண்டாவது பாய்ச்சலுக்கு அது திரும்புவதற்குள் செம்பி பக்கத்து வீட்டுப் பாண்டீஸ்வரியின் மாடிக்கு வந்து, அங்கிருந்த பெரிய கறுப்புத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நுழைந்தது. வைரி தொட்டிக்கு மேலே வழுக்கிக்கொண்டு கிழக்கே திராட்சைத் தோட்டங்கள் பக்கம் போய்விட்டது.

தொட்டிக்குப் பின்னால் என்ன நடந்தது என்பது மேற்கு மூலை நாற்காலிக்குத் தெரியாது. கிழக்கு மூலையில் நின்ற எனக்குத் தெரிந்தது. அங்கே ஒரு டிவி டிஷ் இருக்கிறது. செம்பி அதன் கம்பியில் காலை ஊன்றி நின்றது. இடது இறக்கை கம்பிக்கும் டிஷ்ஷுக்கும் நடுவில் மாட்டியிருந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம். பிறகு உதறிக்கொண்டு எழும்பி மேலே போயிற்று.

"தப்பிச்சிருச்சு! தப்பிச்சிருச்சுடா!" அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியை மட்டும் துடைக்கவில்லை. நோட்டில் எழுதி உரக்கப் படித்தார்: "நாலு ஐம்பத்திரண்டு. வைரி. தப்பியது."

நான் வாயைத் திறந்தேன். திரும்ப மூடிக்கொண்டேன்.

யாரும் பார்க்கவில்லை. பாண்டீஸ்வரி கீழே தெருவில் நின்றாள். இருளம்மாள் படிக்கட்டில் இருந்தாள். பதினோரு மணி நேரம் நிற்கிற புறா, ஒரு மூச்சு நேரம், அதுவும் உயிருக்குப் பயந்து. இதைப் போய்ச் சொல்ல வேண்டுமா? அப்புறம் எனக்கு வேறு ஒரு சந்தேகம் வந்தது. இந்த மனுஷன் பார்த்திருப்பாரோ? பார்த்துவிட்டு, நான் என்ன செய்கிறேன் என்று தூண்டில் போடுகிறாரோ? அவர் முகத்தையே பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

இருபத்தெட்டு நிமிடம் நான் வாயைத் திறக்கவில்லை. அதையும் மறைக்கப்போவதில்லை.

ஐந்து இருபதுக்குப் போன் கத்தியது. "மாமா! கூடலூர் இறங்கிருச்சு! செம்பிதான் மாமா! நம்ம செம்பிதான்!" தெருமுனையிலிருந்து வேல்பாண்டி ஓடி வருவது போனிலும் கேட்டது, நேரிலும் கேட்டது. அவன் பின்னால் சங்கத்து ஆட்கள் அத்தனை பேரும் என் மாடிப் படியில். ஒன்பது வருஷமாக எவனும் மிதிக்காத படி. ஒருவன் கத்தினான்: "டூப்பு இல்லடா, சுருளியாண்டி! சுருளியாண்டி!" இருளம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கீழே வெடி வெடித்தது.

"எல்லாரும் இருங்கப்பா" என்றான் வேல்பாண்டி. "புறா இன்னும் மேல நிக்கிது. இருந்தாலும் மத்த பத்தும் இறங்கியாச்சு. அண்ணாச்சி, நடுவர் நீங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க."

அண்ணாச்சி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக என் பக்கம் திரும்பினார்.

"காலையில ஆறு மணியிலருந்து நான் இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்கல. சுருளியப் பிடிக்கணும்னுதான் வந்தேன். பொய் சொல்லல. ஆனா இந்தப் புறா எங்கயும் உக்காரல. சுருளி இன்னைக்கு ஒரு தப்பும் பண்ணல. அதுக்கு நான் சாட்சி."

அந்தக் கடைசி வார்த்தைதான். ராணியை என்னால் இழந்த மனுஷன், இப்போது என்னால் பொய்ச் சாட்சியும் சொல்கிறார். அது பொய் என்று அவருக்கே தெரியாது.

"உக்காந்துச்சு" என்றேன்.

"எது?"

"செம்பி. நாலு அம்பத்திரண்டுக்கு. பாண்டீஸ்வரி வீட்டு டிஷ் கம்பியில. எடது எறக்க மாட்டிக்கிட்டு ஒதறுச்சு. நான் பாத்தேன்."

கீழே இன்னொரு வெடி வெடித்தது.

"மாமா, வெயில்ல ஒங்களுக்கு மண்ட காஞ்சிருச்சா?" என்றான் வேல்பாண்டி.

பின்னாலிருந்து ஒருவன், "இது என்னடா புது டூப்பு!"

அண்ணாச்சி முகம் சிவந்தது. "நான் பாக்கலையே."

"தொட்டி மறைச்சிருச்சு அண்ணாச்சி."

"அப்ப நான் குருடன்கிறியா?"

"தொட்டி மறைச்சதுன்னுதான சொல்றேன்!"

"ஒம்போது வருசங் கழிச்சு எம் பேரையும் கெடுக்கப் பாக்குறியா? நடுவர் ஒழுங்காப் பாக்கலன்னு சொல்லி பந்தயத்தையே கலைக்கப் பாக்குறியா?"

"ஜெயிச்ச பந்தயத்த நான் எதுக்கு அண்ணாச்சி கலைக்கிறேன்?"

"அதத்தான் நானும் யோசிக்கிறேன்!"

வேல்பாண்டி தலையில் கையை வைத்துக்கொண்டான். "எல்லா மாடியிலயும் உக்காந்தத உக்காரலன்னு சண்ட போடுவாக. இங்கன தலகீழா நடக்குது."

"அன்னைக்கு இவரு பொய் சொன்னப்ப நம்பி, கோப்பையத் தூக்கிக்கிட்டு மொத்தப் பேரும் வந்தீகல்ல?" என்று இருளம்மாள் சீறினாள். "இன்னைக்கு நெசத்தச் சொல்றாரு, ஒருத்தருக்கும் காது கேக்கல!"

போய் டிஷ்ஷைப் பார்த்தால் தீர்ந்தது. ஆனால் செம்பி மேலே நிற்கிற வரை அண்ணாச்சி நாற்காலியை விடக் கூடாது, நான் மாடியை விடக் கூடாது. வேறு யாரையும் அனுப்ப அவர் சம்மதிக்கவில்லை. "இவன் ஆளு எவனாவது எதையாவது அங்கன வச்சுட்டு வருவான்" என்றார். அதையும் நான்தான் கற்றுக் கொடுத்திருக்கிறேன்.

ஆகவே மாடி முழுக்க ஆட்கள் அண்ணாந்தபடி நின்றோம். ஜெயித்தவனும் இல்லை, தோற்றவனும் இல்லை. செம்பிக்கு இந்த வழக்கெல்லாம் தெரியுமா? அது பாட்டுக்கு ஆனந்தமாகச் சுற்றியது. ஐந்து ஐம்பத்தெட்டுக்கு இறங்கியது. நேராக என் கூட்டின் மேல்.

வேல்பாண்டி அதைப் பிடித்து இடது இறக்கையை விரித்தான். "ஒண்ணு. ரெண்டு." நின்றுவிட்டான். திரும்ப எண்ணினான். "மூணாவது இறகே இல்ல."

இரண்டாவது இறகுக்கும் நான்காவதுக்கும் நடுவில் வெறும் சந்து. முத்திரை இல்லை. கையெழுத்து இல்லை.

மாடி வெடித்தது. "மாத்திட்டான்டா!" "அதான் முந்திக்கிட்டு டிஷ்ஷுக் கதைய விட்டிருக்கான்!" "மறுபடியும் டூப்பு!" ஒருவன் என் சட்டைக் காலரைப் பிடித்தான். இருளம்மாள் கரண்டியால் அவன் கையில் ஒன்று போட்டாள். இது செம்பிதான் என்று கடவுளுக்கும் எனக்கும் தெரியும். இரண்டு பேரில் யார் சொன்னாலும் அந்த மாடியில் எடுபடாது.

"சத்தம் போடாதீக!"

அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்திருந்தார். புறா இறங்கியாயிற்று, எழலாம். செம்பியின் இறக்கையில் இறகு போன இடத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தார். ரத்தம் ஒரு துளி காய்ந்திருந்தது.

"எந்த எறக்க மாட்டிக்கிச்சுன்னு சொன்ன?"

"எடது."

"இத இவன் எப்பச் சொன்னான்? எறங்கறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று என்னைக் கேட்கவில்லை, கூட்டத்தைக் கேட்டார். எல்லோருக்கும் தெரியும்.

படியில் இறங்கினார். எழுபது வயது, மூட்டு வலி, ஆனாலும் ஓடினார். தெருவுக்கு வந்து பாண்டீஸ்வரி வீட்டுக்குள் நுழைந்தார். கூட்டம் என் கைப்பிடிச் சுவரில் நெருக்கியடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. அவர் தலை அந்த மாடியில் தெரிந்தது. தொட்டிக்குப் பின்னால் போனார். குனிந்தார். காணோம். வெகு நேரம் காணோம். நான் செம்பியை நெஞ்சோடு பிடித்திருந்தேன். அது அடிப்பதா என் நெஞ்சு அடிப்பதா தெரியவில்லை.

"ஏலே சுருளீ!"

அந்தத் தெருவில் அப்படி ஒரு குரலை நான் ஒன்பது வருஷமாகக் கேட்டதில்லை. அவர் கையை உயர்த்திப் பிடித்திருந்தார். விரல் நடுவில் செம்பு நிறத்தில் ஓர் இறகு.

"கம்பிக் கிளிப்புல மாட்டிக் கெடக்குலே! முத்திரை இருக்கு! எங் கையெழுத்து இருக்கு! 'ஞா' போட்டிருக்கேன்லே!"

என் காலரைப் பிடித்தவன் அதை நீவிவிட்டான்.

நினைத்துப் பாருங்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், செம்பி இறங்கியதும் இறகு இல்லாத இதே இடத்தைத்தான் பார்த்திருப்பார்கள். டிஷ்ஷில் போய் இறகைத் தேட எவனுக்குத் தோன்றியிருக்கும்? செத்த பிறகும் டூப்பு என்றுதான் போஸ்டர் ஒட்டியிருப்பார்கள். அதை யோசித்து நான் சொல்லவில்லை. அப்படி யோசிக்கிற புத்தி அப்போது எனக்கு இல்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம்.

வேல்பாண்டி நோட்டை வாங்கி, 'தப்பியது' என்பதை அடித்துவிட்டு, 'உட்கார்ந்தது' என்று எழுதினான். "முதல் எடம் கூடலூர் சண்முகராஜ். ரெண்டாவது எடம்..." என்னைப் பார்த்தான். "சுருளியாண்டி."

எல்லோரும் இறங்கிப் போன பிறகு அண்ணாச்சி பூட்டைக் கழற்றினார். நாற்காலியை மடக்கினார். இருளம்மாள் மறுபடி ஒரு டம்ளர் மோரை நீட்டினாள். வாங்கிக் குடித்தார்.

"இருபத்தெட்டு நிமிசம் ஏன்லே சொல்லல?"

கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்.

"ஜெயிக்கலாம்னு பாத்தேன்."

"அப்பறம்?"

"நீங்க சாட்சின்னு சொன்னீக."

டம்ளரைக் கீழே வைத்தார். ராணியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. படியில் பாதி இறங்கி நின்று, திரும்பாமலே சொன்னார்: "அடுத்த ஞாயிறு எம் மாடியிலருந்து ஒண்ணு பறக்குது. நடுவர் கெடைக்கல. அஞ்சரைக்கு வந்துரு."

நடுவர் கிடைக்கவில்லையாம். அவர் மாடிக்கு ஊரே போட்டி போட்டுக்கொண்டு வரும். எதற்குக் கூப்பிடுகிறார் என்று ஒரு வாரம் மண்டையைக் குடைந்தேன். டீக்கடையில் இன்னும் "டூப்புக்கு ஒரு டீ" தான். ஒருவன் மட்டும், "டூப்பு மாமா, நடுவராப் போறீகளாம்ல?" என்றான். மாமா புதிது.

ஞாயிறு ஐந்தரைக்கு அவர் மாடியில் ஏறினேன். என் நாற்காலி, என் தண்ணீர், என் பூட்டு. கூட்டைத் திறந்து எண்ணினேன்.

"என்னலே எண்ணுற?" என்றார் அண்ணாச்சி.

"எண்ணணும்ல."

"பத்தொம்போது."

"நீங்க சொன்னா ஆச்சா?" முதலிலிருந்து இன்னொரு தடவை எண்ணினேன். பத்தொன்பதுதான். பூட்டினேன். சாவியை இடுப்பில் சொருகினேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அவர் பிடித்திருந்த நீலப் புறாவின் இடது இறக்கையை விரித்தேன். மூன்றாவது இறகில் முத்திரையைக் குத்தினேன். பேனாவைத் திறந்தேன். நான் ஐந்தாவதோடு நின்றவன். எழுதினால் நாக்கு வெளியே வந்துவிடும். 'சு' என்று போட்டேன். கொஞ்சம் கோணல். மை காய ஊதினேன்.

"நல்லாத் தெரியுதா?" என்றார்.

"எனக்குத் தெரியுது."

மலை மேல் வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது. மேகம் ஒன்றுகூட இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து ஐம்பத்தொன்பது. விசிலைக் கையில் எடுத்தேன்.

ஆறு மணி.

"விடுங்க அண்ணாச்சி!" என்று கத்திவிட்டுத்தான் விசிலை ஊதினேன்.